மாட்டுவண்டிச் சவாரி: ஆறாவது படத்தோடு கமரா நின்றுவிடுகிறது

வடமராட்சிப் பொடியன்:

வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கோன் டி7100, பாவித்த பொடியாக (லென்ஸில்லாத கமரா உடலாக) வாங்கியது. லென்ஸ் 70-300.

போன ஞாயிறு எங்கள் ஊரில் மாட்டுவண்டிச் சவாரி. திடலின் கடைசிப் பக்கம் கயிற்றுக்கு வெளியே நின்றேன். இரண்டு வண்டிகள் சரிசமமாக வந்தன. தூரத்தில் புழுதி கிளம்பியதுமே ஷட்டரை அழுத்தினேன். சடசடவென்று ஆறு படம், அவ்வளவுதான். பிறகு விக்கி விக்கி ஒவ்வொன்றாக எடுத்தது. வண்டிகள் எனக்கு நேரே வந்தபோது வலப்பக்க வெள்ளை மாட்டின் முன்கால் இரண்டும் நெஞ்சோடு மடிந்திருந்தன, வாயிலிருந்து நுரை பிரிந்து பறந்தது. அதைக் கண்ணால் கண்டேன், கமராவில் இல்லை. இருப்பதெல்லாம் புழுதிக்குள் இரண்டு புள்ளிகள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

கடையில் கேட்டேன். செக்கனுக்கு 170 எம்பி என்று போட்ட விலைகூடிய மெமரி காட்டைத் தந்து "இனி நிக்காது" என்றார்கள். ஆறு படம் இன்னும் ஆறு படம்தான். ரோவில் (கமரா திருத்தாத மூலக் கோப்பில்), கூடிய நிற விபரம் வைக்கும் 14 பிட்டில் எடுக்கிறேன். இரண்டாவது காட்டில் பிரதியும் விழும்படி வைத்திருக்கிறேன். அடுத்த சவாரிக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. வேறு பொடிதான் வாங்க வேண்டுமா?

நல்லூர் வெயில்:

ரோவை விட்டு, கமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் எடுங்கள். இதே பொடியில் எனக்கு ஒரே மூச்சில் முப்பது படத்தைத் தாண்டியது. கலியாண வீடுகளுக்கு அது தாராளம்.

பண்ணைப் பாலத்து ஆலா:

தம்பி, அவசரப்பட்டுக் காசைச் செலவழிக்க வேண்டாம். நானும் இதே பொடியோடு நாலு வருசம் பண்ணைப் பாலத்தில் நின்றவன். ஆலாப் பறவைகள் மீனுக்குக் குத்திப் பாய்கிற அந்த அரைச் செக்கனுக்காக எத்தனை காலை போயிருக்கும்.

வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு பார்த்திருப்பீர்கள்தானே? மெஷின் தொட்டிக்குள் கொட்டுகிறது, தொட்டியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் போகிறது. வாய்க்கால் ஒடுங்கியதென்றால் தொட்டி நிரம்பும், மெஷினை நிறுத்தத்தான் வேண்டும். காட்டுக்குப் போகுமுன் படங்கள் கமராவுக்குள் தங்கும் பஃபர் என்ற இடம்தான் அந்தத் தொட்டி. காட்டுக்கு எழுதுவது வாய்க்கால். உங்கள் பொடியில் 14 பிட் ரோ ஒன்று ஏறக்குறைய 28 எம்பி. செக்கனுக்கு ஐந்து படமென்றால் 140 எம்பி கொட்டுகிறது. இந்தப் பொடியின் காட் வழி யூஎச்எஸ்-1 என்ற தரம். அந்த வழியின் உச்ச வரம்பே செக்கனுக்கு 104 எம்பி, நடைமுறையில் அதையும் எட்டாது. காட்டின் மேலுள்ள 170 என்பது வாசிக்கும் வேகம், அதுவும் அதற்கேற்ற ரீடரில் போட்டால். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல காட்டால் தொட்டி கெதியாக வடியும், தொட்டி பெரிதாகாது. நிரம்பிய பிறகு காத்திருக்கும் நேரம் குறையும் என்பதால் அது வீண் என்று சொல்லமாட்டேன்.

முதலில் இரண்டாவது காட்டுப் பிரதியை நிறுத்துங்கள். ஒரே படத்தை இரண்டு தடவை எழுதவைத்தால் தொட்டி எப்படி வடியும்? பிறகு ரோவை 12 பிட்டுக்கு மாற்றி, சுருக்கும் வகையில் இழப்பில்லாததை விட்டுச் சாதாரணமானதைத் தெரிவு செய்யுங்கள். ஆறு ஒன்பதாகும். அதோடு இந்தப் பொடி 14 பிட்டில் செக்கனுக்கு ஐந்துதான் எடுக்கும், 12 பிட்டில் ஆறு. பலருக்கு இது தெரியாது. நிழலைத் தானாக வெளிச்சமாக்கும் ஆக்டிவ் டி-லைட்டிங், லென்ஸின் வளைவைத் தானாகத் திருத்துவது இரண்டையும் நிறுத்துங்கள், அவையும் இடத்தைத் தின்னும். ஷட்டரைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் ஆர் என்ற எழுத்தோடு ஓர் எண் தெரியும். தொட்டியில் மிச்சமுள்ள இடம் அதுதான். அதைப் பார்க்கப் பழகினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மிச்சப் பாதி உங்கள் விரலில். புழுதியைக் கண்டதும் அழுத்தியது பிழை. ஆலா இறக்கையடித்து ஒரே இடத்தில் நிற்கும்போது நான் அழுத்துவதில்லை, பாதி அழுத்தத்தில் ஃபோகஸை மட்டும் அதன்மேல் பிடித்திருப்பேன். தலையைக் கீழே குத்தி இறக்கையை மடிக்கும்போதுதான் முழுதாக அழுத்துவேன், நாலு படத்தோடு விடுவேன். சவாரியிலும் திடலில் ஒரு கம்பத்தைக் குறித்துவையுங்கள். வண்டி அதைத் தாண்டும்வரை ஃபோகஸ் மட்டும் தொடரட்டும். ஒன்பது படம் என்பது ஒன்றரைச் செக்கன், மாடு பாய்ந்து வரும் வேகத்துக்கு அது போதும்.

வடமராட்சிப் பொடியன்:

நன்றி அண்ணை. 12 பிட்டால் படம் கெடாதா? மாடு வெள்ளை, சவாரி மதிய வெயிலில்.

பண்ணைப் பாலத்து ஆலா:

நல்ல வெளிச்சத்தில், குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனில்) வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வித்தியாசம் வருவது இருளை மிக அதிகமாக இழுத்து வெளிச்சமாக்கும்போதுதான். வெள்ளை மாட்டுக்கு வெளிச்சத்தை அரை ஸ்டொப் (அரைப் படி) குறைத்து எடுங்கள், முதுகு வெளிறினால் எத்தனை பிட் இருந்தும் மீளாது. ஜேபெக்கில் சற்று வெளிறியதைக்கூட மீட்க இடமில்லை, அதனால்தான் சவாரிக்கு அதை நான் சொல்லவில்லை. பிறகு எப்போதாவது பொடி மாற்றினால் டி7200 பாருங்கள். அதே 24 மெகாபிக்சல், உங்கள் லென்ஸும் பொருந்தும், 14 பிட் ரோ 18 எடுக்கும். டி500 என்றால் எக்ஸ்கியூடி என்ற வேறு வகைக் காட்டோடு 200 படம் வரை போகும், ஆனால் அந்தக் காட்டுக்கும் தனியாகக் காசு வேண்டும்.

வடமராட்சிப் பொடியன்:

அண்ணை, மூன்று நாளாகப் பின்னேரங்களில் ரோட்டோரம் நின்று பருத்தித்துறை பஸ்ஸில் பழகுகிறேன். எதிர்வீட்டு மின்கம்பத்தைக் குறியாக வைத்தேன். முதல் நாள் எல்லாமே முந்திவிட்டது. நேற்று ஆறு பஸ்ஸில் நாலு பஸ் கம்பத்தடியிலேயே விழுந்தது, ஆர் எண்ணும் ஐந்துக்குக் கீழே போகவில்லை. இன்று ஒரு மோட்டார் சைக்கிள்காரரின் சறம் காற்றில் விரிந்தது அப்படியே வந்திருக்கிறது. சவாரி முடிந்ததும் படங்களை இங்கே போடுகிறேன்.