மாடியில் தலை உலர்த்தும் மூன்று பெண்கள்

குழு: நம் குடும்பம்

நிலா, மாலை 6:10
பெரியம்மா, சித்தப்பா, மேலே நான் அனுப்பியிருக்கும் ஓவியம் ஜான் ஸ்லோன் 1912இல் தீட்டியது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், அடுக்குக் குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மூன்று பெண்கள் தலைமுடியை உலர்த்துகிறார்கள். துணி காயும் கொடியும் புகைபோக்கியும் அருகில் இருக்கின்றன. அமெரிக்க ஓவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சித்தப்பா, மாலை 6:24
அழகாக இருக்கிறது, அம்மா. இத்தகைய காட்சியையெல்லாம் ஓவியம் என்று அக்காலத்தில் அங்கே ஏற்றுக்கொண்டார்களா?

நிலா, மாலை 6:41
எளிதில் ஏற்கவில்லை, சித்தப்பா. நகர வாழ்க்கையைப் பற்றி 1905, 1906ஆம் ஆண்டுகளில் உலோகத் தகட்டில் அரித்து அச்சிட்ட 10 படங்களை அவர் நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் கண்காட்சிக்கு அனுப்பியபோது, அவற்றில் நான்கைக் கொச்சையானவை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்லோன் பிலடெல்பியா நாளிதழ்களில் படம் வரைந்து பிழைத்தவர். லக்ஸ், கிளாக்கன்ஸ், ஷின் ஆகிய நண்பர்களும் அப்படியே. தெருவில் காண்பதையே தீட்டுங்கள் என்று அவர்களை ஊக்கிய ஓவிய ஆசிரியர் ராபர்ட் ஹென்றியுடன் சேர்ந்து, மொத்தம் எட்டுப் பேராக 1908 பிப்ரவரியில் மக்பெத் காட்சிக்கூடத்தில் தங்கள் ஓவியங்களை வைத்தார்கள்.

பெரியம்மா, இரவு 7:05
எனக்கு ஒன்று உறுத்துகிறது, நிலா. விடுமுறை நாளில் தங்கள் பாட்டுக்கு மாடியில் நிற்கும் பெண்களை, அவர்களுக்குத் தெரியாமல் ஒருவர் பார்த்து வரைவது முறையா?

நிலா, இரவு 7:22
நியாயமான கேள்வி, பெரியம்மா. தம் வீட்டுச் சன்னல் வழியே அக்கம்பக்கத்தாரைக் கவனிப்பது தமது வழக்கம் என்றும், அவர்கள் கண்ணில் படாமல் கவனமாகப் பார்ப்பதாகவும் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதை நான் முழுச் சமாதானமாகக் கொள்ளவில்லை. ஆனால் 1910இல் அவர் அச்சிட்ட ‘இரவுச் சன்னல்கள்’ என்ற படத்தில், எதிர்வீட்டுச் சன்னலில் நிற்கும் பெண்ணை மாடியிலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருக்க, அவனுக்குக் கீழே அவன் மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டிருக்கிறாள். பார்ப்பவனையும் படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியதால்தான் ஸ்லோனை நேர்மையானவர் என்று நான் நம்புகிறேன்.

சித்தப்பா, இரவு 7:40
எட்வர்ட் ஹாப்பரும் அதே தலைப்பில் 1928இல் ஓர் ஓவியம் தீட்டியிருக்கிறார் அல்லவா?

நிலா, இரவு 7:58
ஆம், சித்தப்பா. ஹாப்பரும் ஹென்றியிடம் பயின்றவர். ஸ்லோனைப் பற்றி 1927இல் ஒரு கட்டுரையும் எழுதினார். ஹாப்பருடைய படத்தில் வெளிச்சம் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறாள், திரைச்சீலை வெளியே பறக்கிறது. அங்கே பார்ப்பவர் யார் என்று காட்டப்படவில்லை. அந்த இடத்தில் நாமே நிற்க வேண்டியிருக்கிறது. ஹாப்பரின் பெண் தனித்திருக்கிறாள், ஸ்லோனின் பெண்களுக்கோ ஒருவருக்கொருவர் துணை இருக்கிறது.

பெரியம்மா, இரவு 8:15
அது உண்மைதான். இந்த மூவரில் ஒருத்திகூட நமக்காக நிற்கவில்லை, அவரவர் தலையைக் காயவைப்பதிலேயே ஈடுபட்டிருக்கிறார்கள். நீ சொன்ன 1910ஆம் ஆண்டுப் படத்தையும் இங்கே அனுப்பு. துணி போடும் மனைவியை எப்படி வரைந்திருக்கிறார் என்று பார்த்த பிறகு என் கருத்தைச் சொல்கிறேன்.