வாசிப்புக்குக் கிராமம்தான் வேண்டுமா?

பொன்னேரிப் பயணி:
ஞாயிறுதோறும் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலேறி, பொன்னேரிப் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போய்விடுகிறேன். அங்கே புங்கமர நிழலில் படிக்கும்போது பக்கம் முடிந்தாலும் கை அடுத்ததைப் புரட்டுவதில்லை, மனம் அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே வடசென்னையில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே கண் மட்டுமே வரிமேல் ஓடுகிறது. வள்ளலாரே சென்னை ஏழுகிணறு வீட்டை விட்டு, வடலூர்ப் பக்கத்துக் கருங்குழிக் கிராமத்துக்குப் போய்விட்டார். சிந்திக்க நினைப்பவர்களுக்குக் கிராமமே இடம்.

காசிமேட்டு வாசகி:
ஐயா, வள்ளலாரைப் பாதியில் பிடித்திருக்கிறீர்கள். அவர் வளர்ந்தது ஏழுகிணற்றில். நெஞ்சுருகிப் பாடியது கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும். கிராமத்துக்குப் போனவர் தனிமையிலா மூழ்கினார்? 1867இல் வடலூரில் தருமசாலை திறந்து, பசித்தவர்களுக்கு அடுப்பு மூட்டினார்.

நீங்கள் சொல்வது விருந்தாளிக்குக் கிடைக்கும் அமைதி. அதே ஊரில் நாற்று நடுகிற பெண்ணுக்குப் புத்தகம் விரிக்க நேரம் ஏது? எங்கள் வீட்டில் வலை பின்னும்போது ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திய ஆன்மிகச் சபைக்குச் சொற்பொழிவு கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளையும் அங்கேயே பேசினார்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அப்படித்தான். இரைச்சல் எந்தச் சிந்தனையைத் தடுத்தது?

பொன்னேரிப் பயணி:
விருந்தாளி என்பதை ஏற்கமாட்டேன் அம்மா, அந்த மண்ணில் எனக்கும் வேர் உண்டு. கூடிக் கேட்டால் சங்கம் கட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் உரக்கப் படிப்பவர் எங்கே வியக்கிறாரோ அங்கேதான் கேட்பவரும் வியப்பார். ஒரு கருத்தை ஏற்பதா தள்ளுவதா என்று தன்னந்தனியாக மல்லுக்கட்ட வேண்டாமா?

திருவொற்றியூர் ஓய்வுபெற்ற நூலகர்:
தம்பி, அம்மா, இருவருமே புத்தகம் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 1931இல் மன்னார்குடிப் பகுதிக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போயிற்று. தொடங்கிவைத்தவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மரநிழலுக்கு அந்தக் கிராமங்களில் என்றைக்குமே பஞ்சமில்லை; புத்தகத்தைத்தான் வண்டி கட்டிக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பொன்னேரிப் பயணி:
அது சரிதான் ஐயா. எங்கள் ஊரிலும் பகுதிநேர நூலகம் ஒன்று இருக்கிறது.

காசிமேட்டு வாசகி:
அப்படியானால் அடுத்த ஞாயிறு அங்கே போய், கூலி வேலைக்குப் போகும் பெண்களில் எத்தனை பேர் உறுப்பினர்கள், அவர்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டு வந்து எழுதுங்கள். தனிமையைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.