ரோல் காலில் பாராட்டினால் போதுமா?

நிலையப் பொறுப்பு:
எங்க ஸ்டேஷன்ல காவலர்கள் ரொம்பச் சோர்ந்துட்டாங்க. ராத்திரி பீட் ரோந்து, பகல்ல பந்தோபஸ்து, மறுநாள் அதே தெருவுல அதே தகராறு. "நாம செய்யறதால என்ன சார் மாறுது?"ன்னு கேக்கறாங்க. வேலைக்கு முன்னாடி பேர் கூப்பிடற ரோல் கால்ல பாராட்டினா யாரும் காதுல வாங்கறதில்ல. அவங்க உழைப்பு வீண் போகலைன்னு எப்படிப் புரிய வைக்கறது?

ரைட்டர் மேசை:
"எல்லாரும் நல்லா பண்றீங்க"ங்கறது யாருக்கும் ஒட்டாது சார். ஆள் பேரு, செஞ்ச காரியம், அதனால யாருக்கு என்ன ஆச்சு, மூணும் இருக்கணும். "நேத்து ராத்திரி வழி தெரியாம நின்ன பெரியவரோட சட்டைப் பையில இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்து, அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு விலாசம் வாங்கினாரு. விடியறதுக்குள்ள அவரு மக கிட்ட சேர்ந்துட்டாரு." இப்படிச் சொல்லுங்க. அதுவும் மறுநாளே சொல்லணும், மாசக் கடைசி வரைக்கும் வைக்காதீங்க.

சோர்வுக்குப் பெரிய காரணம், முடிவு தெரியாம போறது. சம்பவ இடத்துக்கு முதல்ல போனவர் ஒருத்தர், விசாரிக்கறவர் வேற. கோர்ட்டுல என்ன ஆச்சுன்னு முதல் ஆளுக்கு யாரும் சொல்றதில்ல. ஒரு நோட்டுல புகார் எண், முதல்ல போனவர் பேரு, கடைசியில என்ன ஆச்சுன்னு மூணு கட்டம் போட்டு வாரத்துக்கு ஒரு தடவை படிங்க. தோத்ததையும் படிங்க, அப்பதான் மத்ததை நம்புவாங்க.

கைது எண்ணிக்கையை மட்டும் பாராட்டவே கூடாது. எல்லாரும் எண்ணிக்கைக்குப் பின்னாடி ஓடுவாங்க. அடிதடி ஆகறதுக்கு முன்னாடியே பேசித் தணிச்சவர் கண்ணுக்கே தெரியாம போயிடுவார்.

ரோந்துக் கணக்கு:
"சும்மா சுத்தறோம்" என்ற உணர்வில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972-73ல் நடந்த சோதனையில் வாகன ரோந்தைச் சில பகுதிகளில் கூட்டினார்கள், சிலவற்றில் நிறுத்தினார்கள். குற்ற அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இலக்கில்லாத சுற்றல் பலன் தராது.

இடம் பார்த்து நின்றால் கதை வேறு. அமெரிக்க நகரமான மினியாபொலிஸின் தரவுகளை ஆராய்ந்த குற்றவியல் அறிஞர் கோப்பர், குற்றம் அடிக்கடி நடக்கும் இடத்தில் 10 முதல் 15 நிமிடம் நின்றால் காவலர் போன பிறகும் அமைதி நீடிப்பதாக 1995ல் எழுதினார். அதற்கு மேல் நிற்பதால் கூடுதல் பலன் குறைவு. எனவே மூன்று மாதப் புகார்களை மணிவாரியாகப் பிரியுங்கள். ஊரையே சுற்றச் சொல்லாமல் நான்கைந்து முனைகளைக் கொடுங்கள். வண்டியை விட்டு இறங்கி, ஆட்களோடு பேச வேண்டும். தினமும் ஒரே நேரத்துக்குப் போனால் எதிராளி கடிகாரம் பார்த்து வருவான்.

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 2009 கோடையில் நடை ரோந்து போட்ட பகுதிகளில், போடாத பகுதிகளோடு ஒப்பிட்டால், வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. ரோந்தை எடுத்ததும் அந்தப் பலன் கரைந்துவிட்டது. இதை அவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்: தினமும் போய் நிற்பதுதான் வேலை செய்கிறது.

அமைதிக் கரை:
தற்கொலைக்குப் போனவங்களைப் பத்தி "இன்னைக்குக் காப்பாத்தினா நாளைக்குப் போய்ச் சாகப் போறாங்க"ங்கற பேச்சு ஸ்டேஷன்ல உண்டு. அது தப்பு. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோவோட கோல்டன் கேட் பாலத்துல 1971 வரைக்கும் குதிக்காம தடுக்கப்பட்ட 515 பேரைப் பத்தி பேராசிரியர் சைடன் விசாரிச்சு 1978ல வெளியிட்டார். சுமார் 94 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, இல்லைன்னா இயற்கையா இறந்திருந்தாங்க. கையைப் பிடிச்சு இழுத்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்குமா?

கூடவே தூக்கத்தைக் கவனிங்க. 17 மணி நேரம் விழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் மது ஏறின அளவுக்குத் திறன் குறையும்னு ஆய்வுகள் சொல்லுது. அந்த நிலைமையில நிக்கறவருக்கு எந்த ஊக்கமும் ஏறாது. முதல்ல ஓய்வு கொடுங்க.

நிலையப் பொறுப்பு:
நோட்டை நாளைக்கே ஆரம்பிக்கறேன். பந்தோபஸ்துல நிக்கறவங்களுக்கு முடிவுன்னு எதை எழுதறது?

ரைட்டர் மேசை:
கூட்டம் எத்தனை மணிக்குக் கலைஞ்சது, ஆம்புலன்ஸுக்கு எத்தனை தடவை வழி விட்டாங்க, தொலைஞ்ச குழந்தைங்க எத்தனை பேரை யார் ஒப்படைச்சாங்க, இதெல்லாம் எழுதுங்க சார். ஒண்ணுமே நடக்கலைன்னா "அசம்பாவிதம் இல்லை"ன்னு எழுதி, நின்னவங்க பேரையும் பக்கத்துல எழுதிடுங்க.