கலர் கார்ட்ரிட்ஜில் மை ஊற்றினேன், மஞ்சள் பச்சையாக வருகிறது

செந்தூல் டீச்சர்:
வணக்கம். வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், பன்னிரண்டு பிள்ளைகள், தினமும் பயிற்சித்தாள் அடித்தாக வேண்டும். கறுப்பும் கலரும் ஒரு ஜோடி வாங்கினால் 130 வெள்ளி, பிரிண்டரையே ஏறக்குறைய அந்த விலைக்குத்தான் வாங்கினேன், வயிறு எரிகிறது. லோ யாட் கம்ப்யூட்டர் கடைகளில் ஊசியோடு நாலு பாட்டில் மை 25 வெள்ளிக்குக் கிடைத்தது, வாங்கி வந்து நானே ஊற்றினேன். கறுப்பு பரவாயில்லை. கலரில் வாழைப்பழம் பச்சையாக வருகிறது, போதாததற்கு அடியில் மை சொட்டுகிறது, திரையில் மை தீர்ந்துவிட்டது என்று வேறு காட்டுகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பட்டர்வொர்த்காரன்:
போடாதீர்கள் டீச்சர். நீலத்தை நிரம்ப ஊற்றியிருப்பீர்கள், அது மேலே வழிந்து மஞ்சள் ஓட்டைக்குள் இறங்கியிருக்கும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, டிஷ்யூவை நாலாக மடித்து ஈரமாக்கி, அடியில் மை வரும் துளைகள் இருக்கும் நாசிலை அதன்மேல் லேசாக ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. முதலில் மூன்று கோடும் அழுக்காகத்தான் விழும், பத்துப் பதினைந்து தடவை ஒற்றினால் மஞ்சள் மஞ்சளாகவே விழும், சொட்டுவதும் அதிலேயே நின்றுவிடும். உள்ளே இருப்பது ஸ்பாஞ்சு, அது நிதானமாகத்தான் குடிக்கும். அடுத்த தடவை ஊசியை ஆழமாக இறக்கி மெதுவாக அழுத்துங்கள், ஓட்டை வாயில் மை எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்திக் கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிடுங்கள். எந்த ஓட்டை எந்த நிறம் என்பதைப் பல்குத்தும் குச்சியை விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள், யூடியூபில் பார்த்ததை நம்பி ஊற்றாதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும்.

மை இல்லை என்று காட்டுவதைக் கண்டுகொள்ள வேண்டாம். இந்த வகையில் பிரிண்டர் அடித்த அளவை வைத்துக் கணக்குப் போடுகிறது, நீங்கள் ஊற்றியது அதற்குத் தெரியாது. கேனன் என்றால் ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் வேலை செய்யும்.

முக்கியமானது இது: எழுத்து மங்க ஆரம்பித்த அன்றே ஊற்றிவிடுங்கள், வறண்ட பிறகு அல்ல. கேனன், எச்பி இரண்டிலும் மையைச் சூடாக்கித்தான் துளியாகத் தள்ளுகிறது, அந்தச் சூட்டைத் தணிப்பதும் மைதான். மை இல்லாமல் நாலு பக்கம் ஓட்டினால் நாசில் கருகிவிடும், அப்புறம் எந்த மை ஊற்றியும் பயனில்லை. நான் அப்படி இரண்டைக் கொன்றிருக்கிறேன்.

கம்போங் பாரு அப்பா:
கறுப்பு பாட்டிலில் பிக்மென்ட்டா (தண்ணீரில் கரையாத தூள் மை) டையா (கரையும் சாய மை) என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜில் முதலில் வந்தது பிக்மென்ட்டாக இருந்து நீங்கள் டை ஊற்றியிருந்தால், பிள்ளைகளின் வியர்வைக் கை பட்டாலே எழுத்து கலங்கும்.

மைக்கோழி:
தினமும் அடிக்கிறவருக்கு இந்த ஊசி விளையாட்டு எதற்கு? டேங்க் பிரிண்டராக வாங்கி பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போங்கள். முதலில் காசு அதிகம்தான்.

பட்டர்வொர்த்காரன்:
அதுவும் சரிதான், இப்போது இருப்பது செத்த பிறகு வாங்கட்டும். ஆனால் டேங்கில் மை தெளிக்கும் தலை கார்ட்ரிட்ஜில் இல்லை, பிரிண்டரோடு இருக்கும், பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் மூடிப் போட்டுக் காய்ந்துவிட்டால் செலவு பெரிது. வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிக்க வேண்டும்.

செந்தூல் டீச்சர்:
நன்றி அண்ணே. இருபது தடவை ஒற்றினேன், வாழைப்பழம் பழுத்துவிட்டது. பாட்டிலைப் பார்த்தேன், டை என்றுதான் போட்டிருக்கிறது, அதனால் கறுப்பு மட்டும் வேறு வாங்க வேண்டும். சிங்க்கில் கழுவியதில் நீலக் கறை போகமாட்டேன் என்கிறது, வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை. குளோராக்ஸ் போட்டால் போகுமா?