பெங்களூர் பள்ளங்களுக்கு ஸ்கூட்டரா, எக்ஸ்பல்ஸா? வீட்டுக்கு ஒரே வண்டிதான்

ராமமூர்த்திநகர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை பெல்லந்தூரில். வாரத்தில் மூன்று நாள் போகணும், ஒரு வழிக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர், பெரும்பகுதி வெளிவட்டச் சாலை. ஜூலையில் டின் ஃபேக்டரி சந்திப்பைத் தாண்டி மழைத்தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் பள்ளம் இருந்தது தெரியவில்லை. ஸ்கூட்டரின் முன்சக்கரம் உள்ளே இறங்கி அப்படியே நின்றுவிட்டது. நான் தூக்கி வீசப்பட்டேன். பின்னால் வந்த டெம்போக்காரர் சட்டென்று பிரேக் பிடித்தார், அதனால் இன்று எழுதுகிறேன். இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

வண்டிக்கு ஒன்பது வயது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்துவிட்டது, இனி அதில் பணம் போட மனமில்லை. கரடுமுரடான பாதைக்கென்று வரும் ஹீரோவின் கியர் பைக், எக்ஸ்பல்ஸ் 210 வாங்கலாம் என்பது என் எண்ணம். இன்னொரு ஸ்கூட்டரே போதும் என்கிறாள் மனைவி. அபார்ட்மெண்டில் எங்களுக்கு ஒரு இருசக்கர வண்டிக்குத்தான் இடம். நான் 5 அடி 8 அங்குலம், அவள் 5 அடி 1. நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் வண்டி அவளுக்கு: பள்ளிக்கூடம் (அவள் ஆசிரியை), மார்க்கெட், ஆறு வயது மகனின் கராத்தே வகுப்பு. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மண்பாதை

உயிரோடு வந்தீர்களே, அது போதும் நண்பரே. எக்ஸ்பல்ஸ் எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

உங்களைக் கீழே தள்ளியது சக்கரத்தின் அளவு. ஆக்டிவா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டால் முன்னால் 12 அங்குலம், பின்னால் 10. எக்ஸ்பல்ஸுக்கு முன்னால் 21, பின்னால் 18. சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் முழுதாக இறங்கி எதிர் விளிம்பில் மோதும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தில் அவ்வளவு ஆழம் இறங்காமல் உருண்டு வெளியே வந்துவிடும். நம் ஊர் மாட்டுவண்டிக்கு அவ்வளவு பெரிய சக்கரம் வைத்தார்களே, ரோடே இல்லாத வரப்பிலும் வண்டித்தடத்திலும் ஓட வேண்டும் என்றுதான். மெட்ரோ வேலையால் கிழிந்து கிடக்கும் வெளிவட்டச் சாலையும் இன்றைக்கு ஒரு வண்டித்தடம்தான். கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மில்லிமீட்டர் இருக்கிறது, ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு தட்டாது.

பிரேக்கையும் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 110 சிசி ஸ்கூட்டர்களில் வருவது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ். ஈர ரோட்டில் பயந்து அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஏபிஎஸ் மட்டும்தான்.

அல்சூர்க்காரன்

சக்கரக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு வண்டி ஓடும்போது. காலை ஒன்பது மணிக்கு மாரத்தஹள்ளியில் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். பத்தடி போய் நின்று, மறுபடி பத்தடி. அங்கே ஆளைக் காப்பாற்றுவது தரையில் ஊன்றிய கால்.

எக்ஸ்பல்ஸ் 210இன் சீட் உயரம் 830 மில்லிமீட்டர், எடை 168 கிலோ. ஆக்டிவாவின் சீட் 765க்குப் பக்கம், எடை ஏறக்குறைய 106 கிலோ. 5 அடி 1 அங்குலம் உள்ளவர், பின்னால் பையனும் பள்ளிப் பையும், ரோட்டோரம் சாய்வாக இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டி வந்தால்? கால் தேடும் அந்த ஒரு நொடியில் 168 கிலோவும் ஒரு பக்கம் சாயும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு முறிந்தது இடது மணிக்கட்டு. கிளட்ச் பிடிப்பது அந்தக் கைதான். டின் ஃபேக்டரியிலிருந்து பெல்லந்தூர் வரை எத்தனை நூறு தடவை கிளட்ச் பிடிக்கணும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டுப் பிரித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. எலும்பு டாக்டரிடம் கேட்காமல் கியர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்கள் மனைவியின் லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். அதில் 'கியர் இல்லாத' வகை மட்டும் இருந்தால் எக்ஸ்பல்ஸைச் சட்டப்படி அவர் தொடவே முடியாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல்.

ராமமூர்த்திநகர்வாசி

பார்த்தேன். கியர் இல்லாத வகைதான். திருமணத்துக்கு முன் சேலத்தில் ஸ்கூட்டி ஓட்டி வாங்கியது. கியர் லைசென்ஸ் எடுக்கணும் என்றால் மறுபடி எல்எல்ஆர், டெஸ்ட் என்று ஆரம்பிக்கணும். மணிக்கட்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா.

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக் எப்படி என்று ஒரு நண்பர் கேட்டார். அதையும் சொல்லுங்கள்.

அல்சூர்க்காரன்

வேண்டாம் தம்பி. 452 சிசி, 196 கிலோ, லடாக் போகிறவர்களுக்கு நல்ல வண்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் அந்த வரியைக் கட்ட அவசியமில்லை.

ஓசூர்பட்டறை

இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் புது வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். விழுந்த வண்டியை யாரும் விசாரிக்கவில்லை.

தம்பி, அந்த ஸ்கூட்டரின் முன் டயரில் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2316 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்த டயர். ஆறேழு வருடம் தாண்டிய டயர் பார்க்கப் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடுகள், நிறைய இருப்பதுபோல இருக்கும். ஆனால் ரப்பர் கட்டையாகிவிடும், ஈரத்தில் பிடிக்காது. அப்புறம் ஹேண்டில் பேரிங். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று ஆட்டம் தெரியும். என்னிடம் வரும் பழைய ஸ்கூட்டர்களில் பாதிக்கு மேல் அந்த ஆட்டம் இருக்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, ஏனென்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுகிறது. அந்த வண்டி பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்கில் பையன் கண்ணை மூடிக்கொண்டு 40 வைத்துவிடுவான். சீட்டுக்கு அடியிலோ சங்கிலி கவர் பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அந்த அளவு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். கல் மாதிரி வீங்கிய டயர் பள்ளத்தில் எகிறும்.

எந்த வண்டி எடுத்தாலும் இதைப் பார்க்காவிட்டால் ஐந்து வருடத்தில் இதே இடத்தில் நிற்போம். எக்ஸ்பல்ஸ் எடுத்தால் கூடவே சங்கிலி வேலை இருக்கிறது, மழைக்காலத்தில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து ஸ்ப்ரே அடிக்கணும். ஸ்போக் சக்கரத்துக்கு டியூப் உண்டு, ஆணி ஏறினால் உடனே இறங்கிவிடும், டயரைப் பிரிக்காமல் பஞ்சர் போட முடியாது. இப்போது வரும் ஸ்கூட்டர் டியூப்லெஸ், வீடு வரை வந்துவிடலாம்.

மண்பாதை

அண்ணா சொன்ன டயர் விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது டயர் போட்டாலும் 12 அங்குலம் 12 அங்குலம்தான். தண்ணீரையும் மறக்க வேண்டாம். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர் பக்கம் வெளிவட்டச் சாலை எப்படி இருந்தது என்று பார்த்தோம். ஸ்கூட்டரில் பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும். ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. சங்கிலி வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வேண்டாமா? தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் இறங்கிப் பாருங்கள். அங்கிருந்து காட்டுக்குள் பிரியும் மண்தடங்களில் ஒருமுறை போனால் திங்கட்கிழமை டிராஃபிக் உறுத்தாது.

செம்மண்

மண்பாதை, கடைசி வரியை மட்டும் திரும்பப் பெறுங்கள். அஞ்செட்டிப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், யானை நடமாடும் இடம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி விடுவது குற்றம். தார் ரோட்டில் போங்கள், வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். புதிதாக வருகிறவருக்கு அந்தத் தடங்களைக் காட்டிக் கொடுக்காதீர்கள்.

இப்போது அல்சூர் அண்ணாவிடம் என் சண்டை. நான் 5 அடி 2. நான்கு வருடமாக எக்ஸ்பல்ஸ் 200 வைத்திருக்கிறேன், அதன் சீட் 825 மில்லிமீட்டர். இரண்டு கால் எனக்கும் எட்டாது. நிற்கும்போது சீட்டிலிருந்து இடுப்பை இடது பக்கம் நகர்த்தி, ஒரு காலை மட்டும் முழுப் பாதமாக ஊன்றி, வலது கால் பிரேக்கில். இதைக் கற்றுக்கொண்டுதான் ஓட்டுகிறேன். "உயரம் குறைந்தவர், பெண், ஸ்கூட்டர்தான் சரி" என்று ஒவ்வொரு ஷோரூமிலும் கேட்டுக் களைத்துவிட்டேன். சீட்டைக் காட்டாமலே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நாம் அதையே செய்ய வேண்டாம்.

ஆனால் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேன், கவனியுங்கள். கோலாரில் பைக் பந்தய வீரர் சி.எஸ். சந்தோஷ் நடத்தும் பிக்ராக் டர்ட்பார்க்கில் இரண்டு நாள் பயிற்சி எடுத்தேன். 2015 டக்கார் ராலியை 36ஆவது இடத்தில் முடித்தவர் அவர், அதை முடித்த முதல் இந்தியர். அங்கே முதல் பாடமே விழுந்த வண்டியை முதுகு பிடிக்காமல் தூக்குவது. அப்புறம் நின்றுகொண்டு ஓட்டுவது, பள்ளத்துக்கு முன்பே பிரேக்கை விட்டுவிடுவது. பள்ளத்துக்குள் போகும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தால் ஷாக் அப்சார்பர் ஏற்கனவே அமுங்கியிருக்கும், 21 அங்குலமும் காப்பாற்றாது. நண்பர் விழுந்தபோது கை எங்கே இருந்தது என்று கேட்க விரும்புகிறேன்.

ராமமூர்த்திநகர்வாசி

இரண்டு பிரேக்கும் முழுதாகப் பிடித்திருந்தேன் அக்கா. தண்ணீரைப் பார்த்ததும் பயந்து பிடித்தது.

அல்சூர்க்காரன்

செம்மண் சொன்னது நியாயம். உயரத்தை வைத்து நான் முடிவு சொன்னது தவறு, மன்னிக்கணும். என் கவலை அந்தம்மா ஓட்ட விரும்புகிறாரா என்பதில். நீங்கள் விரும்பிப் போய்க் கற்றீர்கள். அவர் கேட்டது ஸ்கூட்டர்.

நடுவழி ஒன்று உண்டு. ஏரோக்ஸ் 155, ஜூம் 160, ஏப்ரிலியா எஸ்ஆர் 160, மூன்றுக்கும் 14 அங்குலச் சக்கரம், மூன்றும் கியர் இல்லாத ஸ்கூட்டர்கள். லைசென்ஸ் தொல்லை தீர்ந்தது.

மண்பாதை

ஏரோக்ஸிலும் ஜூம் 160இலும் நடுவில் மேடாக இருக்கும், கால் வைக்கும் இடம் தட்டையாக இருக்காது. தண்ணீர் கேன் நிற்காது. அதையும் சொல்லிவிடுங்கள்.

அல்சூர்க்காரன்

ஆமாம், அது பெரிய விஷயம். 2024 மார்ச்சில் போர்வெல் வற்றியபோது எங்கள் தெருவில் 20 லிட்டர் கேன் வீட்டுக்கு வந்தது ஸ்கூட்டரின் கால்பலகையில்தான். எங்கள் அம்மாவின் மாத மளிகையும் அதில்தான் வருகிறது. இரண்டு சக்கரமும் 12 அங்குலம் வேண்டும், தட்டைப் பலகையும் வேண்டும் என்றால் ஜூபிடர் இருக்கிறது, மின்சாரத்தில் ஏதர் ரிஸ்டா இருக்கிறது. ரிஸ்டாவின் சீட் 780 மில்லிமீட்டர், 119 கிலோ. அபார்ட்மெண்டில் சார்ஜ் போட விடுவார்களா என்று முதலில் கேளுங்கள்.

ராமமூர்த்திநகர்வாசி

இதை எழுதுவது அவருடைய மனைவி. அவர் ஐடியிலேயே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் படித்தேன். செம்மண் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நானும் கற்றுக்கொள்ளலாமே என்று ஒரு ஆசை வந்தது உண்மை. ஆனால் எனக்கு இப்போது வேண்டியது வேறு. வாரத்தில் ஐந்து நாளும் புடவை. எட்டேகாலுக்கு முதல் மணி. நாற்பது நோட்டுகளைக் காலடியில் வைத்து, மகனுக்கு ஹெல்மெட் மாட்டி, வாட்ச்மேனைக் கூப்பிடாமல் நானே வண்டியைத் திருப்பி எடுக்கணும். அந்த வேலைக்கு எனக்குத் தெரிந்தது ஸ்கூட்டர்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. அவருக்குப் பெரிய சக்கரம் வேண்டும் என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது. அதற்காக நான் பயந்து பயந்து ஓட்டும் ஒரு வண்டி வீட்டுக்கு வந்தால், அடுத்த தடவை ரோட்டில் கிடப்பது நானும் பிள்ளையும்.

செம்மண்

அம்மா, நீங்கள் சொன்னதற்கு மேல் எனக்கு வாதம் இல்லை. ஸ்கூட்டரே எடுங்கள். ஆசை வந்தது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் என் வண்டியை மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். விழுந்தாலும் பரவாயில்லை, தூக்கச் சொல்லித் தருகிறேன்.

மண்பாதை

நான் இன்னும் பெரிய சக்கரம் பக்கம்தான். அலுவலகத்துக்கு அவர், பள்ளிக்கு நீங்கள் என்று இரண்டு வண்டி வைக்க இடம் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பக்கத்து வீட்டில் காலியாக இருக்கும் பார்க்கிங்கை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். பழைய எக்ஸ்பல்ஸ் 200 நல்லது கிடைத்தால் சொல்கிறேன்.

ஓசூர்பட்டறை

தம்பி, அந்த டயர் எண் என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

ராமமூர்த்திநகர்வாசி

இப்போதுதான் கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணா. 3218. 2018ஆம் ஆண்டு டயர், ஏழு வருடம். ஹேண்டிலிலும் நீங்கள் சொன்ன அதே 'டக் டக்' இருக்கிறது. ஃபோர்க் வளைந்ததால் வந்ததா, முன்பே இருந்ததா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மணிக்கட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு, மதியம் ஜூபிடரும் ரிஸ்டாவும் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். முதலில் அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்காருகிறேன்.