புதுப்பிப்பு: மகனின் இன்ஹேலர், ஸ்பேசர், கோத்தகிரிக் குளிர்

தினமும் இன்ஹேலர் எடுத்தும் எட்டு வயது மகனுக்கு விடியற்கால இளைப்பு நிற்கவில்லையே, மருந்தின் அளவைக் கூட்டவேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அளவு கூட்டப்படவில்லை. மருத்துவர் மருந்துச்சீட்டைத் தொடுவதற்கு முன், "தம்பி, எப்படி எடுப்பாய், செய்து காட்டு" என்றார். அவன் அழுத்தி முடித்த பிறகே மூச்சை இழுத்ததால், மருந்தின் பெரும்பகுதி நுரையீரலை எட்டாமல் நாக்கிலும் தொண்டையிலுமே படிந்திருக்கிறது.

இப்போது ஸ்பேசர் (இன்ஹேலரின் முனையில் பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) வழியாகவே எடுக்கிறான். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரின் வாய்ப்பகுதியை உதடுகளால் இறுகக் கவ்வி, ஒரே ஒரு முறை அழுத்தி, நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கவேண்டும். அடுத்த பஃப் (ஒரு அழுத்தலில் வரும் மருந்து) தேவையென்றால் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்கிய பிறகே அழுத்தவேண்டும். மூச்சடக்கத் தெரியாத சிறு பிள்ளைகள் ஸ்பேசருக்குள்ளேயே ஐந்தாறு முறை இயல்பாக மூச்சை இழுத்து விட்டால் போதும். ஸ்டீராய்டு மருந்தானால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். இதற்குத்தான் வீட்டில் தினமும் சண்டை.

ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் உலரவிடுகிறோம்; துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். உறைபனிக் காலத்தில் ஜன்னலோரம் வைத்த இன்ஹேலர் சில்லிட்டுச் சரியாகப் பீய்ச்சாது என்பதால், உள்ளங்கையில் சற்று வைத்திருந்து எடுக்கிறான். அடுப்பருகே மட்டும் கொண்டுபோகக் கூடாது.