லெட்டர்கென்னிக்கு வேலைக்கு வருகிறவர்கள் பஸ் ஏறும் முன் படிக்கவும்

வணக்கம். அடுத்த மாதம் அயர்லாந்தின் வடமேற்கில் உள்ள லெட்டர்கென்னியில் வேலையில் சேர்கிறேன். டப்ளினில் இறங்கி நேரே பஸ் பிடித்தால் நாலு மணி நேரம் என்கிறார்கள். கையில் அயர்லாந்து வேலை விசா மட்டும் இருக்கிறது. வழியில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்கிறார் நண்பர். நம்பலாமா?

*

தம்பி, அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள். அது மோனகனைத் தாண்டியதும் வட அயர்லாந்துக்குள் போய், ஓமா, ஸ்ட்ரபேன் வழியாகச் சுற்றி, லிஃபர்டில்தான் மறுபடி அயர்லாந்து குடியரசுக்குள் வரும். இடையில் நீங்கள் இருப்பது பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு அதற்குத் தனியாக பிரிட்டன் விசா வேண்டும். அயர்லாந்து விசாவோ, பின்னால் கிடைக்கும் ஐ.ஆர்.பி. என்ற குடியிருப்பு அனுமதி அட்டையோ அங்கே செல்லாது. 'பொதுப் பயணப் பகுதி' (இரண்டு நாட்டுக்கும் இடையே விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாடு) என்று பேசிக்கொள்வார்களே, அந்தச் சலுகை பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு.

உங்கள் நண்பர் மேல் தப்பில்லை. எல்லை கண்ணுக்கே தெரியாது. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும், அவ்வளவுதான். ஆனால் சுமார் 500 கி.மீ. நீளமுள்ள இந்தக் கோடு இப்படிக் காணாமல் போனதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று 1960களின் கடைசியில் தொடங்கிய மோதல் முப்பது வருடம் நீடித்து, சுமார் 3,500 பேரைக் கொன்றது. அப்போது குன்றுகள் மேல் ராணுவக் காவல் கோபுரங்கள் நின்றன. கிராமத்துச் சாலைகளை ராணுவமே வெடி வைத்துப் பள்ளமாக்கி மூடியது. எதிரே தெரியும் பக்கத்து ஊருக்குச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

1993இல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகள் போயின. 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான உடன்பாடு ஆனபின் கோபுரங்களும் ஒவ்வொன்றாக இறங்கின. வேடிக்கை என்னவென்றால், 'எல்லையில் சோதனை கூடாது' என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ராணுவ நிலைகளை அகற்றுவது பற்றித்தான் பேசுகிறது. ஆனால் வடக்கின் மக்கள் ஐரிஷ், பிரிட்டிஷ், அல்லது இரண்டும் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளலாம் என ஒத்துக்கொண்டது. அப்படி ஒத்துக்கொண்டுவிட்டு நடுவில் கேட் போட்டால் யார் நம்புவார்கள்? பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் சமயத்தில், எல்லையில் எந்தக் கட்டுமானம் வந்தாலும் அது தாக்குதலுக்கு இலக்காகும் என்று வட அயர்லாந்து போலீஸ் தலைவரே எச்சரித்தார். கடைசியில் பிரிட்டனிலிருந்து வரும் சரக்குக்கான சோதனையைக் கடலுக்குத் தள்ளி, வட அயர்லாந்துத் துறைமுகங்களில் வைத்தார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளுக்கு அதில் கடுப்பு. 2023இல் வின்ட்சர் கட்டமைப்பு என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். அது தனிக் கதை.

கேட் இல்லை, சட்டம் இருக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் திடீரென ஏறிச் சோதிப்பார்கள். எல்லையருகே டண்டாக் பக்கம் ஒருமுறை பஸ்ஸில் ஏறியவர்கள் என்னையும் இன்னும் இருவரையும் மட்டும் கேட்டார்கள். மூவரும் வெள்ளைக்காரர்கள் இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் விசா இருந்ததால் உட்கார்ந்தபடியே காட்டிவிட்டேன்.

டப்ளின் கானலி ஸ்டேஷனிலிருந்து ஸ்லைகோவுக்கு ரயில், அங்கிருந்து லெட்டர்கென்னிக்கு பஸ். நேரம் கூடும், ஆனால் முழுக்கக் குடியரசுக்குள்ளேயே இருப்பீர்கள். காரில் வந்தாலும் மேப்பில் ஸ்லைகோவை நடுவில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அது ஓமாவுக்குத்தான் இழுக்கும். குளோன்ஸிலிருந்து கேவன் போகும் சாலை இன்னும் மோசம்: இரண்டும் குடியரசு ஊர்கள், ஆனால் வழியில் நாலு முறை எல்லை தாண்டும்!

*

நன்றி அண்ணா. ஒரே விசாவில் இரண்டு நாடும் போகலாம் என்று ஏதோ படித்தேனே?

*

நீங்கள் சொல்வது பி.ஐ.வி.எஸ்., அதாவது பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம். அது இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ விண்ணப்பிக்கும் அந்நாட்டவரின் குறுகிய கால விசாவுக்கு மட்டும். இங்கே வேலை செய்யும் நமக்கு இல்லை. இந்தியாவிலிருந்து அப்பா அம்மா பார்க்க வந்தால் உதவும்: விசாவில் அந்த எழுத்துகள் இருக்க வேண்டும், எந்த நாடு விசா கொடுத்ததோ அங்கேதான் முதலில் இறங்க வேண்டும். அவர்கள் வட அயர்லாந்தின் டெர்ரி நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும், உங்களுக்கு பிரிட்டன் விசா கிடைக்கும்வரை நீங்கள் வீட்டில் சமைத்து வையுங்கள்.